இரண்டு பதிப்பு இராசையா அண்ணை

இராசையா அண்ணையின் மனைவி புனிதம் அக்கா தொலைபேசியில் அழைத்தபோது கிரைண்டரில் இட்லி மாவு ஓடிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டு வந்து "ஹலோ" என்றேன்.

"தம்பி, இவர் காலமை எங்களை விட்டிட்டுப் போட்டார். நீங்கள்தான் தமிழ்ச் சங்க மலருக்கு அஞ்சலி எழுத வேணும். அவருக்கு உங்கட பகிடி எண்டால் உயிர்."

நானும் இராசையா அண்ணையும் பேசிப் பல வருடங்கள் ஆயிற்று என்பது அக்காவுக்குத் தெரியாதா, தெரிந்துதான் கேட்டாரா? எப்படியோ, சரி என்றேன். சங்கத்தில் அவரோடு சீட்டாடியவர்கள், அக்கா சமைத்த ஒடியல் கூழ் குடித்தவர்கள் எல்லாரும் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த அஞ்சலியை எழுதுபவனுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

நியூ ஜெர்சியில் பள்ளிக்கூடச் சுவர்களுக்கு வரைபடம் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் இருவரும் வேலை பார்த்தோம். எனக்கு ஊர்ப் பெயர்களில் எழுத்தும் இடமும் சரியா என்று பார்க்கும் வேலை. டெக்சாஸ் ஊர் ஒன்றைக் கடலுக்குள் தள்ளிவிட்ட பெருமை எனக்கு உண்டு. அண்ணை தலைமை வரைவாளர். கழுத்தில் டை, காலில் ரப்பர் செருப்பு. மீசைக்கு மை போடுவார் என்பதை இனிமேல் சொல்லலாம், கோபித்துக்கொள்ள ஆள் இல்லை.

எல்லை முடிவாகாத இடங்களுக்குப் புள்ளிக்கோடு போடுவது எங்கள் தொழில் வழக்கம். அதில் அண்ணை மகா கெடுபிடி. "முழுக்கோடு பொய் சொல்லும், தம்பி. புள்ளிக்கோடுதான் உள்ளதைச் சொல்லும், இஞ்சை அலுவல் இன்னும் முடியேல்லை எண்டு." யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் சொன்னால் நாங்கள் வாய் திறப்போமா?

தொண்ணூற்று மூன்றில் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் யூதத் தலைவரும் அரபுத் தலைவரும் கைகுலுக்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்த கையோடு, அந்தப் பகுதிக்குப் புதிய வரைபடம் போட முடிவாயிற்று. எங்கள் அலுவலகத்திலும் இரண்டு கட்சி இருந்தது. அச்சுக்கு வண்ணம் பிரிக்கும் யூசுப்பின் அப்பா மேற்குக் கரையில் உள்ள நாப்லஸ் ஊர்க்காரர். மேற்குக் கரையைச் சுற்றிப் புள்ளிக்கோடு வேண்டும் என்றார் யூசுப். பதிப்பாசிரியர் மிரியம் யூதப் பெண். அவருடைய அண்ணன் அந்தக் கரையிலேயே குடியேறி வீடு கட்டியவர். கோடே கூடாது என்றார் மிரியம். இருவரும் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் சண்டை எனக்குத் தமிழில்தான் நினைவிருக்கிறது.

அண்ணைதான் நடுவில் உட்கார்ந்து பேசினார். கடைசியில் புள்ளிக்கோட்டுக்குச் சம்மதித்து மிரியம் கையெழுத்துப் போட்டார். "இந்தக் கோடு என்ரை மேசையைத் தாண்டி மாறாது. என்னை நம்புங்கோ" என்று இருவர் கையையும் பிடித்துக்கொண்டார் அண்ணை. அச்சுப் பிரதி வந்தது. கோடு இருந்தது. யூசுப் பக்லாவா வாங்கி வந்தார். அதில் பாதியை நானே தின்றேன்.

யூசுப்பின் மகள் லைலாவுக்கு அப்போது பத்து வயது. "எங்க தாத்தா ஊரைச் சுத்தி எங்க அப்பா மேப்புல கோடு போட்டிருக்கார்" என்று வகுப்பு முழுக்கப் பெருமையடித்திருக்கிறாள். பள்ளிக்கு எங்கள் வரைபடம் வந்ததும் ஆசிரியை அவளைக் கூப்பிட்டுக் காட்டச் சொன்னார். அதே வண்ணம், அதே எழுத்து. கோடு மட்டும் இல்லை. பிள்ளை விரலை வைக்க இடமில்லாமல் நின்றது.

மறுநாள்தான் விஷயம் வெளியே வந்தது. வெளிநாட்டுக்கு ஒரு பதிப்பு, உள்ளூர்ப் பள்ளிகளுக்கு ஒரு பதிப்பு. இரண்டையும் வரைந்த கை ஒன்றே. எங்களுக்குக் காட்டியது முதலாவதை மட்டும்.

"ஏன் ஐசே எல்லாரும் குதிக்கிறியள்?" என்றார் அண்ணை. "விற்பனைக்காரர் கேட்டவை, கீறிக் குடுத்தன். ஒரு பதிப்பிலையாவது கோட்டைப் போடுவிச்சன்தானே! வேறை ஆள் எண்டால் அதுவும் இல்லை. எல்லாரும் சந்தோஷமாத்தானே இருந்தனீங்கள்?"

மிரியம்தான் முதலில் வெடித்தார். "அந்தக் கோட்டுக்கு ஒத்துக்கிட்டேன்னு எங்க அண்ணன் என்னோட பேசறதையே நிறுத்திட்டான். இப்ப எனக்கு அண்ணனும் இல்ல, கோடும் இல்ல. நான் எதுக்காக இதைச் செஞ்சேன், சொல்லுங்க?"

யூசுப் கத்தவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "உங்ககிட்ட மட்டும் இருக்கிற அந்த இன்னொரு பதிப்பை எடுத்துக்கிட்டு என் பொண்ணோட ஸ்கூலுக்கு வாங்க. அப்படி ஒண்ணு இருக்குன்னு அவகிட்ட சொல்லுங்க, போதும். நான் பொய் சொன்னதா அவ நினைக்கிறா."

"ஓம், கட்டாயம் வாறன்" என்றார் அண்ணை. போகவில்லை. அடுத்த வாரம் என்றார், குளிர் என்றார், கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றார். இரண்டு பதிப்பும் அருகருகே வெளியே தெரிந்தால் நிறுவனத்துக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். ஊரில் ராணுவம் போட்ட கோட்டால் வீட்டை இழந்தவர், ஒரு பத்து வயதுப் பிள்ளையின் முன்னால் போய் நிற்கப் பயந்தார். அன்றோடு நான் பேச்சை விட்டேன்.

எடிசன் ஊரில் உடலை வைத்திருந்த இடத்துக்குப் போனேன். மிரியம் வரவில்லை. யூசுப் வந்திருந்தார், பக்கத்தில் அவரைவிட உயரமாக லைலா.

"மன்னிச்சிட்டீங்களா?" என்று யூசுப்பிடம் கேட்டேன்.

"இல்ல. இப்ப அங்க நடக்கிறதைப் பார்த்தா கைகுலுக்கினவங்களையே மன்னிக்க முடியல. ஆனா அந்தக் கோட்டைப் போடும்போது பக்கத்துல நின்னு பார்த்தேன். ஒரு புள்ளி தள்ளிப் போயிடக் கூடாதுன்னு மூணு தரம் அழிச்சுப் போட்டார். அது நடிப்பில்ல."

என் வயிற்றெரிச்சலே அதுதான். மனிதர் முழுப் பொய்யராக இருந்திருந்தால் என்றோ மறந்திருப்பேன்.

யூசுப் காரை எடுக்கப் போனதும் லைலா என் அருகில் வந்து ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள். "அங்கிள், நிஜமாவே அப்படி ஒரு மேப் இருந்துச்சா? இல்ல, அப்பா எனக்காகச் சும்மா சொன்னாரா?"

"இருந்தது. நான் பார்த்தேன். உங்க அப்பா பொய் சொல்லல" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, வாசலில் வந்து நின்ற காரை நோக்கி ஏறக்குறைய ஓடினாள்.

அண்ணை, நீங்கள் எனக்கு விட்டுப்போனது லைலாவுக்குச் சொன்ன அந்த ஒரு பதில்தான். நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது. உங்களுக்குப் பதிலாக நான் சொல்லிவிட்டேன். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.