கீ எங்க கீது?

நகரத்தின் நடுவே உள்ள ஒரு சுரங்க ரயில் நிலையத்தைச் சுற்றியிருக்கும் பகுதியின் வரலாற்றைச் சென்ற மாதம் எங்கள் நாளிதழின் வட்டாரப் பக்கத்துக்காக எழுதினேன். தகரப் பெட்டி செய்யும் கடைகள் வரிசையாக இருந்த தெரு, அதன் முனையில் திருமண மண்டபமாக மாறிய தியேட்டர், ஏரி போன பிறகும் ஏரிக்கரை என்றே பெயர் வைத்திருக்கும் சந்து, சுரங்கம் தோண்டுவதற்காகத் தற்காலிகமாக ஒருவழியாக்கப்பட்டு இன்றுவரை ஒருவழியாகவே இருக்கும் சாலை, எல்லாம் வந்துவிட்டது. ஒரு தகவலை மட்டும் சேர்க்கவில்லை. அந்தத் தகரப் பெட்டித் தெருவுக்கு நேர்கீழே, பூமிக்குள், என் பெயர் எழுதியிருக்கிறது. இதற்கு என்னிடம் இருப்பது ஒரே ஒரு சாட்சியின் கையெழுத்து. அந்தக் கையெழுத்திலும் ஒரு சிக்கல் உண்டு.

நிலையத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எழுதியவர் என் மாமா. அவர் இன்றும் ஒப்பந்த வேலைதான் பார்க்கிறார்.

அப்போது நாங்கள் பென்னலூரில் இருந்தோம். அப்பாவுக்கு ஒரகடத்தில், கார் கதவுக்கு ரப்பர் பொருத்தும் லைனில் வேலை. அம்மாவின் தம்பியான மாமா எங்கள் வீட்டிலேயே தங்கி, மண்ணூரைத் தாண்டி, முன்பு வேர்க்கடலை போட்டிருந்த நிலத்தில் இருந்த ஒரு காங்கிரீட் யார்டுக்குப் போய்வந்தார். நகரத்துக்கு அடியில் ரயில் ஓடப்போகிற சுரங்கத்தின் சுவர் அங்கேதான் துண்டு துண்டாக வார்க்கப்பட்டது. ஐந்து பெரிய வளைந்த துண்டுகளும் ஒரு சின்னத் துண்டும் சேர்ந்தால் ஒரு முழு வளையம். கடைசியாக ஆப்பு மாதிரிச் செருகி வளையத்தை இறுக்கும் அந்தச் சின்னத் துண்டுக்கு யார்டில் பெயர் 'கீ'. இரும்பு அச்சில் காங்கிரீட்டைக் கொட்டியதும் அதன் மேல்முகத்தைக் கரணையால் தேய்த்து வழவழப்பாக்குவது மாமாவின் வேலை.

நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது ஒருநாள் காலை, நைட் ஷிப்ட் முடிந்து வந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டே மாமா சொன்னார்: "உன் பேரு மெட்ரோக்குள்ள கீது, தெரியுமா? கீ மேல ஆணியால எழுதிட்டேன். உமான்னு."

அம்மாவின் கை கரண்டியோடு நின்றது. "இன்னாத்துக்குடா இந்த வேலை? யாராச்சும் பாத்தா?"

"பாத்துட்டாங்கக்கா. யாருடா இந்த உமான்னு சூப்பர்வைசர் கேட்டாரு. எங்கக்கா பொண்ணு சார், பாசத்துல எழுதிட்டேன்னேன். திட்டிட்டு வுட்டுட்டாரு."

இரண்டே எழுத்துப் பெயர் என்பதால்தான் காங்கிரீட் இறுகுவதற்குள் எழுத முடிந்தது என்றும், வரலட்சுமி என்று வைத்திருந்தால் பாதியில் நின்றிருக்கும் என்றும் விளக்கினார். மாமா எனக்கு ஒரு கடலை மிட்டாய் வாங்கி வந்ததாகக்கூட நினைவில்லை. பாசம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் முறை. அதனால்தான் அதை முழுவதுமாக நம்பினேன். இத்தனை நாள் காட்டாமல் சேர்த்து வைத்திருந்ததை மொத்தமாக எழுதிவிட்டார் என்று தோன்றியது.

அன்று முதல் மணி அடிப்பதற்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. முதல் பெஞ்சில் உட்காரும் ஷேர் ஆட்டோக்காரர் மகள் ஒன்றுதான் கேட்டாள்: "எங்க கீது? காட்டு."

ரயில் ஓட ஆரம்பித்ததும் காட்டுகிறேன் என்றேன். எப்போது ஓடும் என்று கேட்டாள். தெரியவில்லை. அதோடு என் பெயர் போயிற்று. அன்றிலிருந்து நான் 'சுரங்கம்'. "சுரங்கம், டஸ்டர எடு." "சுரங்கம், தள்ளி ஒக்காரு." ஒருமுறை டீச்சரே வாய் தவறி அப்படிக் கூப்பிட்டு, நானும் வாய் தவறி எழுந்து நின்றேன். மூன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள், என் முன்பல் விழுந்த ஓட்டையைப் பார்த்து வைத்த பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஆனது. பெயர் இருப்பதை நான் நிரூபித்தால் ஷேர் ஆட்டோக்காரர் மகள் வகுப்பின் முன்னால் நின்று 'உமா' என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். முடியாவிட்டால் எட்டாம் வகுப்பு முடியும்வரை நான் சுரங்கம்.

மாமா எழுதிய அந்த வருட ஆயுத பூஜைக்கு யார்டைப் பார்க்கப் போனேன். எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் குடும்பத்தை உள்ளே விடும் நாள் அது ஒன்றுதான். கிரேனின் காலில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். அறுத்து வைத்த பூசணிக் கீற்றுகள்போல வளைந்த துண்டுகள் வானம்வரை அடுக்கியிருந்தன. என் பெயர் எழுதிய கீ அதற்குள் டிரெய்லர் லாரியில் ஏறிப் போய்விட்டதாம். மாமா விடவில்லை, அதே மாதிரி வேறு ஒன்றையாவது காட்டுகிறேன் என்று கிரேன்காரரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அண்ணே, இன்னிக்கு போட்ட கீ எங்க கீது?"

"அது என்ன கீ, கீது, கீ, கீது? குருவி கத்துத மாதிரில்லா இருக்கு," என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. வெள்ளை ஹெல்மெட் போட்ட ஓர் அக்கா. திருநெல்வேலிப் பக்கம், டிப்ளமோ படித்தவர். ஒவ்வொரு துண்டையும் தட்டிப் பார்த்து, சாக்பீசால் சரி அல்லது தவறு போடுவது அவர் பொறுப்பு. அவருடைய தவறுக் குறி விழுந்தால் துண்டு ஓரமாக ஒதுக்கப்படும். அவரைவிட இரண்டு மடங்கு வயதானவர்களும் 'லேப் மேடம்' என்றே அழைத்தார்கள். நான் லேப் அக்கா என்று வைத்துக்கொண்டேன்.

"நீங்களும் ஒரு தபா சொல்லிப் பாருங்க மேடம். எங்க கீதுன்னு," என்றார் மாமா.

"சாவுற வரைக்கும் அந்தச் சொல்லு என் வாயில வராது," என்றவர் என் பக்கம் குனிந்தார். "ஏட்டி, உன் பேரென்ன?"

"உமா."

"நெசமாவே உமாதானா?"

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா சுத்தமாக இருந்த ஒரு கரணையை மும்முரமாகக் கழுவிக்கொண்டிருந்தார். லேப் அக்கா சிரிக்க ஆரம்பித்து, ஹெல்மெட் மூக்குவரை இறங்கும்வரை சிரித்தார். என் பெயரில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பெயர் மெட்ரோவிலேயே இருக்கிறது என்று சொன்னேன்.

"தெரியும்ட்டி. நாந்தான் சரி போட்டு அனுப்புனேன்," என்று சொல்லிக் கையிலிருந்த சாக்பீசை எனக்குக் கொடுத்தார்.

நான் நான்காம் வகுப்பு வந்த பிறகு ஒருவழியாக அந்தப் பாதையில் ரயில் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நால்வரும் புறப்பட்டோம். அன்று நான் கவனித்தவை இவை. அம்மா மாம்பழ நிறப் பட்டுப் புடவை கட்டியிருந்தார். ஓவர்டைமை ஒருநாளும் விடாத அப்பா அன்று விட்டிருந்தார். மாமா ஒரே சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டார். பூக்காரரிடம் மல்லிகை வாங்கிய அம்மா தனக்கும் எனக்கும் வைத்தது போக, இரண்டு முழத்தை வாழையிலையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். எல்லாம் என் பெயரைப் பார்க்கப் போவதற்கான மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். என் பங்குக்கு ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, படம் பிடிக்க அப்பாவின் போனையும் கேட்டு வாங்கினேன்.

கோயம்பேட்டில் ஏறினோம். கொஞ்ச நேரம் மாடிகளுக்கு மேலாக ஓடிய ரயில் சரிந்து பூமிக்குள் நுழைந்தது. கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்றேன். மாமா என் காதருகே, "தோ வருது, தோ வருது," என்று சொல்லிக்கொண்டே வந்து, "போயிடிச்சு," என்றார். வெளியே கறுப்பாக இருந்தது. கண்ணாடியில் என் முகமும், என் தலைக்கு மேலே பெட்டியின் கடைசிவரை யாரையோ தேடும் அம்மாவின் முகமும்தான் தெரிந்தன.

நிலையத்தில் இறங்கினோம். அந்தப் பகுதியின் பழைய காலத்தைச் சொல்லும் படங்களைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். பெட்டி செய்யும் தெரு, ஏரி, தியேட்டர் வாசலில் வரிசை. ஒவ்வொன்றின் கீழும் இருந்ததை எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தேன். எதிலும் என் பெயர் இல்லை. படத்தின் சட்டத்துக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தேன். காவலர் ஒருவர் வந்து தொடக்கூடாது என்றார்.

மாமாவிடம் திரும்பி, இப்போதே காட்டு என்றேன். அவர் எஸ்கலேட்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்: "பேரு வெளிப்பக்கம் கீதும்மா. மண்ணு பக்கம். உள்ளருந்து பாத்தா தெரியாது."

"நீ சொல்லவே இல்லியே."

"நீ எந்தப் பக்கம்னு கேக்கலியே."

நோட்டைத் தரையில் அடித்தேன். அதே காவலர் எடுத்துக் கொடுத்தார். எட்டாம் வகுப்பு முடிய இன்னும் எத்தனை வருடம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தபோதுதான், எஸ்கலேட்டரில் பச்சைப் புடவை கட்டிய ஒருவர் இறங்கி வந்தார். ஹெல்மெட் இல்லாததால் அடையாளம் தெரியச் சற்று நேரம் ஆனது. லேப் அக்கா.

"அட, மேடம், நீங்களா?" என்றார் மாமா. பள்ளி ஆண்டு விழாவில் மறந்த வசனம் நினைவுக்கு வந்தவன் சொல்வதுபோல இருந்தது.

இப்படி ஒரு தற்செயல் வாய்த்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பெயரைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள், நான் தேடும் நேரத்தில், நான் நிற்கும் இடத்துக்கே வந்திருக்கிறார். ஆனால் பெரியவர்கள் என்னைப் பேச விடவில்லை. அம்மா பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்து, இரண்டு முழ மல்லிகையை எடுத்து அவர் தலையில் வைத்தார். அப்பா ஊர் எது, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், இங்கே ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்றெல்லாம் விசாரித்தார். சம்பந்தமே இல்லாத கேள்விகள். பொறுக்க முடியாமல் நடுவே புகுந்தேன்.

"அக்கா, என் பேர நீங்க பாத்தீங்கதான? எழுதிக் குடுங்க."

அவர் நோட்டை வாங்கிக்கொண்டார். "என்னன்னு எழுதணும்?"

நான் சொல்லச் சொல்ல எழுதினார்: 'சுரங்கத்தின் கீயில் உமா என்ற பெயர் எழுதியிருப்பதை என் கண்ணால் பார்த்தேன்.'

"கீழ உங்க பேரு போடுங்க."

பேனா நின்றது. மாமாவைப் பார்த்தார். மாமா வெளியேறும் வழிகளின் வரைபடத்தை ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தார். லேப் அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு ஏதோ எழுதி, நோட்டை மூடினார்.

"ஆமா, உன் பேரு இன்னாம்மா?" என்று அம்மா கேட்டார். "இவன் மேடம் மேடம்னே சொல்லிக்கினு கீறான். பேர மட்டும் வாயத் தொறக்க மாட்டன்றான்."

அவர் நோட்டை அம்மாவிடம் நீட்டினார். அம்மா பிரித்துப் படித்தார். வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவிடம் கொடுத்தார். அப்பா படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"அடப்பாவி," என்று அம்மா தம்பியின் முதுகில் ஒன்று வைத்தார். "அக்கா பொண்ணு மேல பாசமாம், பாசம்."

மாமாவின் காதுகள் சிவந்துவிட்டன. நால்வரும் சிரித்தார்கள். சாட்சி கிடைத்த சந்தோஷத்தில் நானும் சிரித்தேன். நோட்டைப் பிடுங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஊர் வரும்வரை பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

திங்கட்கிழமை ஷேர் ஆட்டோக்காரர் மகள் அதை வகுப்பின் முன்னால் உரக்கப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"இன்னாடி இது? உமான்னு கையெழுத்து போட்டுகீது. நீயே எழுதி நீயே போட்டுக்கினியா?"

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். அக்கா தன் பெயரைப் போட வேண்டிய இடத்தில் என் பெயரைப் போட்டிருந்தார். ரயில் வந்த சத்தத்தில் பாவம் குழம்பிவிட்டார், டிப்ளமோ படித்தவர்களுக்கும் தப்பு வரும் என்று சொல்லிப் பார்த்தேன். வகுப்பு முழுக்க 'சுரங்கம், சுரங்கம்' என்று மேசையைத் தட்டியது. சத்தம் கேட்டு வந்த டீச்சர் நோட்டை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது இவ எழுதுனது இல்ல," என்றார். "இவ 'ழ' போட்டா கால் ஒடஞ்சி கெடக்கும். இது நிமிந்து நிக்குது பாரு."

தீர்ப்பு அவ்வளவுதான். ஷேர் ஆட்டோக்காரர் மகள் முன்னால் நின்று என் பெயரை மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இருந்தாலும் ஒப்புக்கொண்டேன்.

அடுத்த தை மாதம் மாமாவுக்குக் கல்யாணம் நடந்தது. லேப் அக்கா எனக்கு அத்தை ஆனார். பத்திரிகையில் மணமகள் பெயரைப் படித்தபோதுதான் அந்தக் கையெழுத்து தப்பில்லை என்று எனக்குப் புரிந்தது. உடனே ஓடிப்போய் ஷேர் ஆட்டோக்காரர் மகளிடம் காட்டினேன். அதற்குமேல் அதில் யோசிக்க எதுவும் இருப்பதாக எனக்குப் படவில்லை. ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது சகஜம்தானே. வீட்டில் பெரிய உமா, சின்ன உமா என்று ஆனோம்.

எனக்கு அத்தையை நினைத்தால்தான் கஷ்டமாக இருந்தது. கட்டிக்கொண்டவர் மெட்ரோவில் அக்கா மகளின் பெயரை எழுதியிருக்கிறார், தன் பெயரை எழுதவில்லை என்று மனதுக்குள் வருத்தம் இல்லாமலா இருக்கும்? ஒருநாள் நானும் அவரும் மாமாவும் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தபோது, பல நாள் யோசித்து முடிவு செய்திருந்ததைச் சொன்னேன்.

"அத்தை, அந்தப் பேர்ல பாதி உங்களுக்கு. நீங்களும் உங்க பேருன்னு சொல்லிக்கலாம்."

அத்தை என்னை உற்றுப் பார்த்தார். சிரிக்கவில்லை. என் கன்னத்தைப் பிடித்து, "ரொம்பப் பெரிய மனசுட்டி உனக்கு. சரி, பாதி எனக்கு," என்றார். பிறகு வாசலுக்குப் போய், பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"ஏட்டி, கீ எங்க கீது?"

தெருவில் பைக்கை ஓடவிட்டு நின்றிருந்த மாமா எஞ்சினை அணைத்தார். இன்னொரு தபா சொல்லு என்றார். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சாவி எப்போதும்போல் ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒரு வீட்டுச் சாவிக்காக இரண்டு பேரும் ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.