முன்னால் போக ஆளில்லாத சங்கீதம்

நான் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்து, கச்சேரிகளுக்கு வயலின் பக்கவாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தவன். பக்கவாத்தியக்காரனின் வேலை சுருக்கமானது. பாடகர் எங்கே போகிறாரோ அங்கே போக வேண்டும். அவருக்கு முன்னால் போய்விடக் கூடாது. அவர் வாயையே பார்த்திருந்து, ஒரு மூச்சு தள்ளி அதே வழியில் வர வேண்டும். பதினெட்டு வருஷம் அப்படி வந்ததில் பழக்கம் ஊறிவிட்டது. கல்யாணப் பந்தியில்கூடப் பக்கத்து இலைக்காரர் சாப்பிட ஆரம்பிக்காமல் நான் சோற்றில் கை வைத்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில் பாலக்கரைப் பக்கம் ஒரு கல்லூரிக்கு வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்திருந்தார். இசை எழுதுகிறவர், ஆனால் ஸ்வரம் எழுத மாட்டார், படம் போடுவார். அதைப் பார்த்து வாசிக்கிறவன் தனக்குத் தோன்றியதை வாசிக்க வேண்டும். அங்கே விழாக்களைக் கவனித்துக்கொண்டிருந்த பாதிரியார் என்னைக் கூப்பிட்டு, காலண்டர் அளவுக்கு ஒரு தாளைக் கொடுத்தார். நீளக் கோடு, சில சுழிகள், எறும்பு வரிசையாகப் புள்ளிகள், நடுவில் மை கொட்டியதுபோல் பெரிய கறுப்பு.

“ஃபாதர், இதுல சுருதி எங்க, தாளம் எங்க?”

“எல்லாம் உங்க இஷ்டங்க. எப்படி வாசிச்சாலும் தப்பே இல்லைங்கறார்.”

யாராவது முறைத்தால்தானே சரி எது என்று தெரியும்? ஆனாலும் ஒத்துக்கொண்டேன். தனியாக மேடையில் உட்கார என்னை யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை. அந்த ஆசை எனக்கு நிறையவே இருந்தது.

வீட்டில் தாளைச் சுவரில் ஒட்டி நாலு நாள் பார்த்தேன். வில்லைத் தூக்குவேன், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் கீழே வைத்துவிடுவேன். ஐந்தாம் நாள் என் மனைவி, கரண்டியோடு வந்தவள், பொறுக்க மாட்டாமல் தாளில் விரலை வைத்தாள்.

“இங்கேருந்து வாசிங்களேன்.”

விரல் கோட்டின் மேல் நகர்ந்தது, நான் வாசித்தேன். சுழியில் சுற்றியது, நானும் சுற்றினேன். பிரமாதமாக வந்தது. கறுப்புக்கு வந்ததும் அவளுக்கே குழப்பமாகி விரலை எடுத்துவிட்டாள். என் வில்லும் அங்கேயே நின்றது.

“என் விரலைப் பாத்துதான வாசிச்சீங்க?” என்றாள். “மேடைக்கு நான் வரமாட்டேன், சொல்லிட்டேன். ஒரு தடவையாச்சும் நீங்களா வாசிங்க.”

எனக்கு அவமானமாக இருந்தது. அவள் சொன்னது உண்மை என்பதால் கோபமும் வந்தது.

விழா சாயங்காலம். அவள் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். படம் போட்டவர் முதல் வரிசையில், கையில் யாரோ கொடுத்த மிளகாய் பஜ்ஜியோடு. நான் தாளைப் பார்த்தேன், கண் நிற்கவில்லை. பழக்க தோஷம், எதிரே இருந்த வாய்க்குப் போய்விட்டது. அவர் ஒரு கடி கடித்தார். புருவம் ஏறியது, நானும் மேல் ஸ்தாயிக்கு ஏறினேன். உஸ் உஸ் என்றார். வில்லைக் குட்டி குட்டியாக இழுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்து மெல்லக் குனிந்தார்; நான் மந்தர ஸ்தாயிக்கு இறங்கினேன். சபை அசந்துபோய் உட்கார்ந்திருந்தது. என் மனைவி மட்டும் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போது கரண்ட் போய்விட்டது.

தாளும் இல்லை, வாயும் இல்லை, விரலும் இல்லை. பையன்கள் விசில் அடித்து ஓய்ந்தார்கள். ஓடிவிடலாம் என்றால் படி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. வேறு வழியில்லாமல் வில்லைத் தந்தியில் வைத்தேன். ஒரு ஸ்வரம் வந்தது. அதற்கு அடுத்ததை யாரும் சொல்லவில்லை. நானே தேடிப் போனேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சந்தோஷமாக இருந்தது. விளக்கு வந்ததும் கூச்சப்பட்டு நிறுத்திவிட்டேன்.

படம் போட்டவர் மேடைக்கு ஓடிவந்து என் கையைக் குலுக்கி ஏதோ சொன்னார். பாதிரியார் தமிழில் சொன்னார்: “அந்தக் கறுப்பை இவ்வளவு பொருத்தமா யாருமே வாசிச்சதில்லையாம். விளக்கை அணைச்சது உங்க யோசனையான்னு கேக்கறாருங்க.”

“ஆமாங்க ஃபாதர்” என்றேன்.

ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் மனைவியோடு திரும்பினேன். காவேரிப் பாலம் தாண்டியதும், “இருட்டுல யாரைப் பாத்து வாசிச்சீங்க?” என்றாள்.

“யாரையும் இல்லை.”

“ஒரு தடவை வாசிச்சா போதாது” என்றாள்.

அடுத்த வாரம் முசிறியில் வழக்கமான கச்சேரி. பாடகர் ராகத்தைப் பாடி நிறுத்தி, எனக்கு விட்டார். அவர் போன வழியிலேயே போய்த் திரும்பினால் போதும். கண்ணை மூடிக்கொண்டேன்.

முடிந்ததும் அவர் என் பக்கம் சாய்ந்து, “என்னய்யா, நான் போகாத இடத்துக்கெல்லாம் போறீங்க?” என்று சீறினார்.

அந்தத் திட்டை ஒரு வார்த்தை விடாமல் வீட்டில் வந்து சொன்னேன். அன்றைக்கு அவள் சேமியா பாயசம் வைத்தாள். இலை போட்டதும் யாருக்கும் காத்திருக்காமல் முதலில் நான்தான் கை வைத்தேன்.