ஞாயிற்றுக்கிழமை வெயில்

நூர் பாஷாவைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அவனை என்னைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை.

எழுபத்தாறிலிருந்து காரிமங்கலம் பக்கம் ஒரு அரசுப் பண்ணையில் நான், பென்னாகரம் பக்கம் ஒன்றில் அவன். தினமும் காலை எட்டரைக்குத் தெர்மாமீட்டர் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதுதான் வேலை. மாதக் கடைசியில் தர்மபுரி ஆபீசில் ஒருவர் பதிவேட்டை மற்றவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவோம். என் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். பதினோரு வருஷத்தில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. அவனுடையது கோழிக் கிறுக்கல். மனைவி ஜான் பீக்குப் பிரசவம் என்றால் இரண்டு நாள் காலி, அவனுக்குக் காய்ச்சல் என்றால் நாலு நாள் காலி. அப்படியும் ஆபீசில் எல்லோருக்கும் அவன்தான் செல்லம். டீ வந்தால் முதல் கிளாஸ் அவனுக்குத்தான் போகும்.

எண்பத்தேழில் பெங்களூரிலிருந்து ஆராய்ச்சிக்கார அம்மா ஒருவர் ஆபீசுக்கு வந்தார்.

"காத்து, கடல், வெயில் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல கணக்காப் போட்டு, அஞ்சு வருஷம் கழிச்சு வர்ற கோடை எப்படி இருக்கும்னு சொல்லப் பாக்கறோம். போன கோடைகளை அது சரியாச் சொல்லுதான்னு மொதல்ல சோதிக்கணும். இந்த ஜில்லாவுக்கு ஒரு பதிவேடு போதும். எழுதினவர் பேரும் அறிக்கையில அச்சாகும்."

சவுரியப்பன் என்று என் பெயர் அச்சாவதை அப்போதே பார்த்துவிட்டேன். "ஓட்டைப் பதிவேட்டை எதுக்குப்பா பஸ் ஏத்திக் கொண்டாந்தே?" என்று பாஷாவிடம் கேட்டேன். அவன் சிரித்தான்.

அந்த அம்மா இரண்டையும் அரை நாள் புரட்டினார். பிறகு என் பதிவேட்டில் விரல் வைத்தார்.

"ஐயா, உங்க ஊர்ல சனிக்கிழமை அடிச்ச வெயிலே அச்சு மாறாம ஞாயித்துக்கிழமையும் அடிக்குதே. பதினோரு வருஷமாவா?"

ஞாயிறு எட்டு மணிக்குச் சர்ச் பூசைக்குப் போய்விடுவேன். திரும்பி வந்து சனிக்கிழமை எண்ணையே எழுதிவிடுவேன். காலியாக விட மனசு வராது.

"காலியா இருந்தா கம்ப்யூட்டர் தாண்டிப் போயிடும். அடிக்காத வெயிலை எழுதினா நம்பிடும்," என்று சொல்லி, பாஷாவின் கிறுக்கலை எடுத்துப் பையில் வைத்தார்.

அப்போது அவன் வாயைத் திறந்தான்.

"சவுரியண்ணனுதும் எடுத்துக்கோங்கம்மா. மத்த ஆறு நாளும் சுத்தமா இருக்குங்க. ஞாயித்துக்கெழமைய மட்டும் வுட்டுருங்க. மாசாமாசம் பாத்துக்கிட்டுத்தானுங்களே வர்றேன்."

அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் பதினோரு வருஷம் கையெழுத்துப் போட்டிருக்கிறான், யாரிடமும் சொல்லாமல், என்னிடம்கூட ஒரு வார்த்தை கேட்காமல்.

அறிக்கையில் இரண்டு பெயரும் வந்தன. அவன் பெயருக்குக் கீழே என் பெயர். அவன் எனக்கு ஒரே ஒரு கெடுதல் செய்திருந்தால்கூட நிம்மதியாக வெறுத்துத் தொலைத்திருப்பேன்.