கடிகாரத்து மகாராணியின் மூன்று விரல்கள்

பல்செட்டுக்காரர் என்றால் அந்தத் தெருவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பல் டாக்டர்கள் வாயைத் திறந்து பார்ப்பதோடு சரி. மெழுகில் பல்லைச் செதுக்கி, அச்செடுத்து, உலோகத்தை உருக்கி ஊற்றிப் பல்லின் மேல் மாட்டுகிற கேப் செய்து தருவது இவர்தான். கை சுத்தமான கை. வாய்தான் கொஞ்சம் காரம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற ஆள்.

மூடப்போகிற பழைய ஹோட்டலில் சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நாற்காலி வாங்கப் போனவர், ஒரு பிரெஞ்சுக் கடிகாரத்தைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்.

"உக்கார நாற்காலி கேட்டா, நீங்க பாக்க ஒரு மகாராணிய கூட்டிட்டு வந்திருக்கீங்களே!" என்றாள் மனைவி.

மகாராணிதான். வெண்கலத்தில் வார்த்துத் தங்கமுலாம் பூசிய பெண் ஒருத்தி கடிகாரத்தின் மேல் இடது முழங்கையை ஊன்றி உட்கார்ந்து, வலது கையை நீட்டியிருந்தாள். கீழே வெள்ளை வட்டத்தில் இரண்டு முள்ளும் பாடுபட்டு மணி காட்டின. பாவம், அதை யார் பார்க்கிறார்கள்? கண் நேரே அவளிடம்தான் போகும். தோளில் தங்கம் மங்கலாக இருந்தது, துணி மடிப்பின் ஓரத்தில் பளபளத்தது. காலையில் ஒரு நிறம், விளக்குப் போட்டால் இன்னொரு நிறம்.

"எவனோ எரநூறு வருஷத்துக்கு முன்னாடி மெழுகுல பிடிச்சு வாத்திருக்கான். நான் பண்ற அதே வேலை! ஆனா துணி கசங்கினத பாரேன். கை வெச்சா மெத்துனு இருக்கும்போல" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். செத்துப்போன ஒரு பிரெஞ்சுக்காரன் மேல் அவருக்கு அப்படி ஒரு பொறாமை.

ஒரே ஒரு குறை. நீட்டிய கையில் மூன்று விரல்கள் உடைந்து போயிருந்தன. அதை வார்த்து வைக்காமல் ஓய்வதில்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

"கையில ஏதோ பிடிச்சிருந்திருக்கா. பழமோ பூவோ. அதனால விரல் மடங்கித்தான் இருந்திருக்கும்."

"ஒண்ணும் பிடிக்கல. யாரையோ கூப்பிடுறா" என்றாள் மனைவி.

"உனக்கு எதப் பாத்தாலும் அவன் நெனப்பு!"

அவன் என்றால் மகன், ஒரே மகன். பட்டறையில் அப்பாவுக்குச் சமமாக மெழுகு செதுக்கிக்கொண்டிருந்தவன், எனக்கு இது வேண்டாம், பஸ் ஓட்டப் போகிறேன் என்றான். "அப்ப இந்த வாசப்படிய மிதிக்காத" என்று இவர் கத்தினார். அவனும் மிதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு மட்டும் போன் செய்வான். மணி அடித்ததும் இவர் எழுந்து பட்டறைக்குள் போய்விடுவார். இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அந்தத் தாய் பட்ட பாடு கொஞ்சமா?

மடங்கிய விரல்களைச் செதுக்கிப் பார்த்தார். கையில் பொருந்தி உட்காரவில்லை. திருத்தினார். அப்போதும் இல்லை. எரிச்சலோடு பூதக்கண்ணாடியை எடுத்து உடைந்த இடத்தைப் பார்த்தார். விரல்களில் மிச்சமிருந்த அடிப்பாகம் நேராகப் போயிருந்தது. அவள் எதையும் பிடித்திருக்கவே இல்லை.

"இங்க வா. கைய நீட்டு, பாத்துச் செதுக்கணும்" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

"எப்படி?"

"நீதான சொன்ன, கூப்பிடுறானு. அப்படி."

அவள் வாசல் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். மகன் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போன அன்றைக்கும் இதே கையைத்தான் இப்படி நீட்டினாள். அன்றைக்கு இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்றைக்குத் திருப்ப வழியில்லை, ஒவ்வொரு விரலாகப் பார்த்துச் செதுக்க வேண்டியிருந்தது.

வார்த்து, தங்கம் பூசி, பசை வைத்து ஒட்டினார். கூடப் பிறந்த விரல்கள் மாதிரி உட்கார்ந்துகொண்டன.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அவர் எழுந்து போகவில்லை. "குடு" என்று வாங்கிக்கொண்டார்.

அந்தப் பக்கம் மகன் குரல், "அப்பா?"

"ம். ஒரு பழைய கடிகாரம் வாங்கியிருக்கேன்டா. பொம்மைக்கு மூணு விரல் இல்ல. நானும் பண்ணிப் பண்ணிப் பாக்குறேன், உக்கார மாட்டேங்குது. உனக்குக் கை நல்லா வரும். வந்து ஒரு தடவ பாரேன்."

மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். தன் வேலை சரியில்லை என்று இந்த மனிதர் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

"வர்ற வாரமா? சரிடா, வா" என்று போனை வைத்தார். வைத்தவர், நேராகக் கடிகாரத்திடம் போய் அந்த மூன்று விரல்களையும் சூடுகாட்டி மெதுவாகக் கழற்ற ஆரம்பித்தார்.

"ஐயோ, என்னங்க இது! அவ்வளவு அழகா அமைஞ்சத யாராவது கழட்டுவாங்களா?"

"அவன் வந்து ஒட்டட்டும்" என்றார் பல்செட்டுக்காரர்.