செவிலியர் ரகமத்து பீவி மீது நான் சுமத்திய பழி

செவிலியர் ரகமத்து பீவி இறந்துவிட்டார்... மீமிசலில், இன்று விடியற்காலை.

அவருடைய மகள்தான் அழைத்தார். "அம்மா மௌத்தாயிட்டாங்க சார். யாழினி வீட்டுக்கு மறக்காமச் சொல்லிருன்னு முந்தியே சொல்லி வச்சிருந்தாங்க."

சரி என்றேன்.

யாழினி என் மகள். வயது பதினொன்று. பிறந்த வேளையில் மூச்சின்றி, மூளைக்கு உயிர்வளி கிட்டாமல் போன குழந்தை. தானாக நடக்க இயலாது. சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வரும்.

அவள் பிறந்த அன்று மாலை விராலிமலையில் எனக்குச் சிறப்புரை. ஆம்புலன்ஸ் வேண்டாம், வலி கண்டால் நானே வந்து வண்டியில் அழைத்துப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.

மேடையேறும் முன் கைப்பேசியை ஓட்டுநர் செல்வத்திடம் கொடுத்துவிடுவது வழக்கம். மனைவி அழைத்திருக்கிறாள். "அண்ணன் பேசிக்கிட்டு இருக்காங்க மதினி, இந்தா முடிஞ்சுரும்" என்றவர், வலி கண்ட செய்தியைத் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பினார்.

மேடைக்கு வரும் சீட்டில் 'நேரமாகிவிட்டது, முடியுங்கள்' என்றுதான் இருக்கும். பிரித்துப் பாராமல் சட்டைப் பையில் செருகிவிட்டுத் தொடர்வேன். கூட்டம் கைதட்டும்.

அன்றும் தட்டியது. மேலும் ஒரு மணி நேரம் பேசினேன்...

அன்னவாசலுக்குப் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே, வயிற்றில் குழந்தையின் இதயத்துடிப்பு தளர்ந்திருந்தது. பிறந்தாள். அழவில்லை. நீலம் பாரித்துக் கிடந்தாள்.

செவிலியர் அந்தச் சிறிய முகத்தில் சுவாசக் கவசத்தைப் பொருத்திக் காற்றுப்பையை அமுக்கத் தொடங்கினார். ஏன் அழவில்லை, ஏன் அழவில்லை என்று கதவருகே நின்று கத்தினேன்.

"சார், இது மேடை இல்ல. அங்கிட்டு நில்லுங்க. எண்ணிக்கிட்டு இருக்கேன்."

அமுக்கு, ரெண்டு, மூணு... அமுக்கு, ரெண்டு, மூணு...

நெடுநேரம் கழித்து ஒரு முனகல். பிறகு ஆம்புலன்சில் புதுக்கோட்டை வரைக்கும் அவர் கை ஓயவில்லை. அங்கே, மூளை மேலும் கெடாதிருக்க, குழந்தையின் உடலை மூன்று நாள் குளிர்வித்து வைத்திருந்தார்கள். உயிர் தங்கியது.

ஆறு மாதம் கழித்து, அன்னவாசல் கூட்டத்தில் நான் பேசியது இது: "பிறந்த சிசுவுக்கு மூச்சளிக்கத் தெரியாத கைகளிலா நம் பிள்ளைகளை ஒப்படைத்திருக்கிறோம்?" பெயர் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்தது.

அவருக்கு மெமோ, விசாரணை, கடற்கரைப் பக்கம் மீமிசலுக்கு இடமாற்றம்.

எங்களுக்கு ஏன் தாமதமானது என்பதை என் மனைவி வலியோடு வலியாக அவரிடம் சொல்லியிருந்தாள். விசாரணையில் அவர் அதை வாய்திறந்து சொல்லவே இல்லை. பல ஆண்டுகள் கழித்து இதை அறிந்தபோதுதான் மீமிசலுக்குப் போனேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"வலியில ஒரு பொம்பள சொன்னத எங்கிட்டுப் போயி எழுதிக் குடுக்குறது? அத விடுங்க. பிள்ளைக்கு எக்சர்சைஸ் ஒழுங்காக் குடுக்குறீங்களா? கழுத்து நிக்கிதா?"

மேடையில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொல்லுங்க. எம்மக கேட்டா சந்தோசப்படுவா. ஸ்கூல்ல அவளத்தான் ரொம்பப் பேசிட்டாக."

நான்கு ஆண்டுகள் போயின. எத்தனையோ மேடைகள்... சொல்லவில்லை.

ஆகவே இங்கே எழுதுகிறேன். நேரத்தோடு போயிருந்தால் யாழினி நடந்திருப்பாளா என்பதை மருத்துவராலும் அறுதியிட்டுச் சொல்ல இயலவில்லை. ஆனால் அன்றைய தாமதம் முழுவதும் என்னுடையது. செவிலியர் ரகமத்து பீவி மீது எள்ளளவும் பிழையில்லை. என் மகளின் மூச்சு அவர் அளித்தது.

அவர் மகளின் பெயரை இப்பதிவில் இணைக்கவில்லை. நேரில் போய்ப் படித்துக் காட்டுகிறேன்.

அன்னவாசலில் அன்று கைதட்டியவர்கள் இதைப் படித்தால், அந்தக் கைதட்டலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

பிற்பகல் தொழுகைக்குப் பின் நல்லடக்கம். மூவரும் புறப்பட்டுவிட்டோம்.

சென்று வாருங்கள், அம்மா.