மருத்துவச்சி மிர்த்தோ சொன்ன பொய்

எங்கள் தெருவில் பாதிப் பேரை இந்த உலகத்துக்கு இழுத்துப்போட்டவள் மிர்த்தோ. வாய் கொஞ்சம் நீளம். வலியில் கத்துகிற பெண்ணைப் பார்த்து, "இந்தக் கத்தலைப் பத்து மாசம் முன்னாடி கத்தியிருக்கணும்டி" என்பாள். எப்போதும் பிரசவத் தீட்டோடு இருப்பவள் என்பதால் திருவிழாவில்கூட அத்தீனா தேவியின் மலைக்கோவில் பக்கம் போனதில்லை. கேட்டால், "அத்தீனா கன்னிப்பொண்ணு. அவளுக்கும் எனக்கும் என்ன சோலி?" என்று சிரிப்பாள்.

அந்த வருஷம் திராட்சை பறிப்பு முடிந்த கையோடு, ஊர்ப் பெரிய வீட்டுப் பிள்ளைகள் சிலர் வாளோடு போய்ச் சபை மண்டபத்தைப் பிடித்துக்கொண்டார்கள். செருப்புத் தைக்கிறவனும் படகு தள்ளுகிறவனும் கை தூக்கித் தீர்ப்புச் சொல்வதாவது என்று அவர்களுக்கு எரிச்சல். ஊரே பின்னால் திரண்டு வரும் என்று நம்பினார்கள். நாங்கள் மீன் வாங்கப் போனோம். மதியத்துக்குள் நகரப் படை மண்டபத்தை வளைத்துவிட்டது. பின்சுவர் ஏறிக் குதித்தவர்கள் மலைக்கோவிலுக்கு ஓடினார்கள். பலிபீடத்தைத் தொட்டுவிட்டவனை யாரும் வெட்டக்கூடாது.

அவர்களில் ஒருவன் என் எதிர்வீட்டு டெக்ஸிப்பஸ். அந்தப் பெரிய வீடுகளில் குதிரை பார்த்துக்கொண்டிருந்தவன். தோளில் கை போட்டுப் பேசினார்கள், மயங்கிப்போனான். அவன் மனைவி மெலித்தா அன்று காலையில்தான் பெற்றிருந்தாள். தலைச்சன், ஆண். மிர்த்தோ அந்த வீட்டு வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தாள். நான் என் வாசலில் நின்றிருந்தேன். தோளில் ரத்தம் வடிய ஓடிவந்தவன் அவளைக் கண்டதும் நின்றுவிட்டான்.

"அக்கா, பொறந்துடுச்சா?"

பிள்ளை பிறந்த வீட்டுக்காரன் தீட்டு கழியாமல் கோவில் எல்லைக்கல்லைத் தாண்டக்கூடாது. டெக்ஸிப்பஸ் தெய்வத்துக்குப் பயந்தவன். உண்மை தெரிந்தால் கல்லுக்கு இந்தப் பக்கமே நின்று வெட்டுப்படுவான். மிர்த்தோவுக்கு அது ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

"இல்லடா, தலையே இன்னும் தெரியல. நீ போ, நிக்காத."

"அவ எப்படி இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கா. ஓடுடா மடையா."

ஓடினான். மிர்த்தோ என்னைத் திரும்பிப் பார்த்து, "உன் காதுல எதுவும் விழல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கெடுத்தது அந்த வீட்டுக் கிழட்டு வேலைக்காரி. அவளுக்கு ஊர் நடப்பு எங்கே தெரியும்? ஆண்பிள்ளை பிறந்த வீடு என்று ஆலிவ் இலை வளையம் கட்டிக் கதவில் மாட்டினாள். துரத்தி வந்த படையில் ஒருவன் எங்கள் தெருக்காரன். பார்த்துவிட்டான்.

மேலே படைக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்களாம். இவன் போய் வளையத்தைப் பற்றிச் சொன்னதும் பூசாரியின் முகம் தெளிந்தது. தீட்டுக்காரன் தொட்டதில் பீடமே கெட்டுவிட்டது, இனி அங்கே ஒருவனுக்கும் அடைக்கலம் கிடையாது என்று தீர்ப்புச் சொன்னார். எவ்வளவு தோதான தெய்வம் பாருங்கள். அத்தனை பேரையும் படியில் இழுத்துப்போட்டு வெட்டினார்கள். "எனக்கு இன்னும் பொறக்கலைங்க, அக்கா சொன்னாங்க" என்று டெக்ஸிப்பஸ் கடைசிவரை கெஞ்சினானாம்.

செத்தவர்களின் தாய்மார் வந்து மிர்த்தோ வாசலில் மண்ணை வாரித் தூற்றினார்கள். "ஒருத்தனக் காப்பாத்துறேன்னு எல்லாரையும் கொன்னுட்டியேடி."

ஐந்தாம் நாள் பிள்ளையைத் தகப்பன் தூக்கிக்கொண்டு அடுப்பைச் சுற்றி வர வேண்டும். மெலித்தாவின் அண்ணன் சுற்றி வந்தான். சடங்கு முடிந்ததும் மெலித்தா மிர்த்தோவைப் பக்கத்தில் கூப்பிட்டாள். படுக்கையில் கிடந்தவளிடம் புருஷன் செத்ததை மட்டும்தான் சொல்லியிருந்தோம்.

"அக்கா, அவரு நம்ம வாசல் வழியாதான் ஓடினாராமே."

"ஆமாம்மா."

"பையன்னு தெரிஞ்சுதான போனாரு?"

ஆமாம் என்று சொல்லிவிடு என்று நான் பின்னாலிருந்து தலையை ஆட்டினேன். மிர்த்தோ என்னைப் பார்த்தாள்.

"இல்லம்மா," என்றாள். "இன்னும் பொறக்கலன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

மெலித்தா பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். மிர்த்தோ அதன் பிறகு யார் வீட்டுப் பிரசவத்துக்கும் போகவில்லை.