கண்ணீர் அக்கா

பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்த மறு நொடியே அக்கா ஜன்னலோடு மல்லுக்கட்டத் தொடங்கிவிடுவார். அந்தத் தடத்தில் ஓடும் பஸ்களில் ஜன்னல்கள் லேசில் திறக்காது. துருவும் தூசியும் சேர்ந்து கெட்டித்துக் கிடக்கும். மற்றவர்கள் ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வியர்வையோடு சமாதானமாகிவிடுவார்கள். இவர் கைப்பையை இறக்கிக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு எழுந்து நின்று, உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் சட்டத்தின் ஓரத்தில் ஓங்கி மூன்று குத்து விடுவார். மூன்றில் திறக்காவிட்டால் முப்பது. சில நாள் ஜன்னல் திறக்கும் நேரமும் இறங்கும் இடமும் ஒன்றாக வந்துவிடும். அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. "நான் இறங்கினா என்ன, அடுத்து உக்கார்றவங்களுக்குக் காத்து வரட்டுமே."

அந்தக் குத்துச் சத்தத்துக்குத்தான் பயணிகள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தவர்களில் ஒருத்தியாவது வாயில் கை வைப்பாள். "ஐயோ, நீங்க அந்த அம்மாதானே!"

அந்த அம்மாதான். பத்தொன்பது வருஷமாகத் தொலைக்காட்சித் தொடர்களில் அழுதுகொண்டிருக்கும் அம்மா. மகன் வீட்டைவிட்டுத் துரத்துவான், மருமகள் தட்டைப் பிடுங்குவாள், கணவன் இன்னொருத்தியோடு போய்விடுவான். இவர் சமையலறைச் சுவரோடு சாய்ந்து, அப்படியே வழுக்கித் தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுவார். எதிர்த்து ஒரு சொல் வராது. படப்பிடிப்புக்காரர்கள் வைத்த பெயர் கண்ணீர் அக்கா. பக்கத்து வீட்டுக்காரர்களும் இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

பஸ்ஸில் பார்த்த பெண்மணி கையைப் பிடித்துக்கொள்வாள். "உங்க மருமக இந்த ஆட்டம் ஆடறாளே, நீங்க ஏம்மா வாயையே தொறக்க மாட்டேங்கறீங்க?"

"எழுதிக் குடுத்தாத்தானேம்மா தொறக்க முடியும்? சொந்த வாயா இருந்தா மொத வாரமே கதை முடிஞ்சிருக்கும்."

சொந்த வாயைப் பற்றி அவர் குடியிருக்கும் கட்டடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஐந்து மாடி. லிஃப்ட் பழுதாகிப் பத்து மாதம் கிடந்தது. எல்லோரும் மூச்சிரைக்கப் படியேறிப் பழகிவிட்டார்கள். அக்கா ஒவ்வொரு திங்கட்கிழமையும் கட்டட உரிமையாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். வாசகம் ஒன்றேதான். முதல் வரி மட்டும் மாறும்: "இது என் இருபத்தாறாவது கடிதம்." "இது என் இருபத்தேழாவது கடிதம்." நாற்பத்தோராவது கடிதம் போய்ச் சேர்ந்த வாரத்தில் மெக்கானிக் வந்தான். அதற்காக யாரிடமும் அவர் பெருமை பேசியதில்லை. இரண்டாவது மாடியிலேயே குடியிருப்பவருக்கு லிஃப்ட் எதற்கு என்று ஒருவர் கேட்டபோது மட்டும், "நாலாவது மாடில ஒரு பெரியவர் ஆறு மாசமா வெயிலையே பாக்கல" என்றார்.

நிஜத்தில் அவருக்கு அழ வராது. அப்பா இறந்த அன்று சொந்தக்காரர்கள் நடுவில் நாற்காலி போட்டுக்கொண்டும், வருகிறவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டும் திரிந்தார். "டிவில அந்த அழுகை அழறா, பெத்த அப்பனுக்கு ஒரு சொட்டு இல்ல" என்று சித்தி முணுமுணுத்தது காதில் விழுந்தது. விழாததுபோல இருந்துவிட்டார்.

அப்படியானால் திரையில் வரும் அழுகை யாருடையது? கணவருடையது. ஆறடி உயரம், கட்டை மீசை, இருபத்தைந்து வருஷம் லாரி ஓட்டிய உடம்பு. ஆனால் செய்தி பார்த்தால் அழுவார், மகளின் பள்ளி விழாவில் அழுவார், வெங்காய மூட்டையோடு ஆற்றில் விழுந்த யாரோ ஒருவருடைய லாரியைப் பற்றிப் பேப்பரில் படித்துவிட்டு அரை நாள் சாப்பிடாமல் இருந்தார். அக்கா பக்கத்திலிருந்து அதை அணு அணுவாகப் பார்த்திருக்கிறார்.

"மொதல்ல மூக்கு நுனி செவக்கும். அப்புறம் கீழுதட்ட உள்ள இழுத்துக் கடிப்பாரு. அப்புறம் ஃபேன் ஓடுதான்னு பாக்கற மாதிரி மேல பாப்பாரு. யாருக்கும் தெரியலன்னு நெனப்பு! அதத்தான் நான் செய்யறேன். எங்க வீட்ல அழற வேலை அவருக்கு, பேர் மட்டும் எனக்கு."

கிளிசரினைத் தொட்டதில்லை. இமைக்காமல் இருப்பதுதான் சூட்சுமம் என்பார். "எரியும். மூடு மூடுன்னு கண்ணு கெஞ்சும். மூடக் கூடாது. பிடிவாதமா நின்னா தானா வரும்."

அந்தப் பிடிவாதம் போன வருஷம் திரைக்கு வெளியே போய் நின்றது.

படப்பிடிப்பு நடந்தது வாடகைக்கு எடுத்த ஒரு மாடி வீட்டில். கீழ்த்தளக் கூடம் இன்றைக்கு மாமியார் வீடு என்றால், பச்சைத் திரை நான்கு கட்டி இரும்புக் கட்டில் இரண்டு போட்டால் நாளைக்கு ஆஸ்பத்திரி. முக்கிய நடிகர்களுக்கு மாடியில் அறை, குளியலறை எல்லாம் உண்டு; அக்காவுக்கும் அதில் பங்கு. துணை நடிகைகள் பதினொரு பேருக்கு எதுவும் இல்லை. நர்ஸாகவும் அண்டை வீட்டுக்காரியாகவும் கல்யாண விருந்தாளியாகவும் ஒரே நாளில் மூன்று முறை உடை மாற்ற வேண்டியவர்கள் அவர்கள். ஜெனரேட்டர் பக்கத்தில் கதவில்லாத ஒரு சாமான் அறையில், இரண்டு பேர் போர்வையைப் பிடித்துக்கொள்ள, மூன்றாமவள் மாற்றுவாள். கழிப்பறைக்குப் பத்து நிமிஷம் நடந்து பெட்ரோல் பங்குக்குப் போக வேண்டும். மாடியில் இன்னொரு குளியலறை பூட்டியே கிடந்தது. கும்பலை மேலே விடக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். சாவி புரொடக்‌ஷன் மேனேஜரிடம் இருந்தது.

ஒரு மத்தியானம், ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ் வேடப் பெண், நோயாளியின் மேலேயே சரிந்து விழுந்தாள். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. நர்ஸ் விழுவது கதையில் இல்லை என்பது டைரக்டருக்கு உறைக்கவே சில வினாடிகள் ஆயின. அக்காதான் அவள் தலையை மடியில் வைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்.

"சாப்பிட்டியா இல்லையாடி?"

"சாப்பிட்டேன்க்கா. தண்ணிதான் குடிக்கல. குடிச்சா போகணும். பங்குக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள ஷாட் வந்துட்டா லிஸ்ட்ல பேர அடிச்சிடறாங்க."

"காலைலேர்ந்தா?"

"நாங்க யாருமே குடிக்கறதில்லக்கா."

அக்கா நேரே மேனேஜரிடம் போனார். "அந்த மாடி பாத்ரூமத் தெறந்து விடுப்பா."

"நாளைக்குப் பாத்துடலாம்க்கா."

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். மூன்று வாரம், தினமும் காலையில் மேக்கப்புக்கு முன்னால் மேனேஜர் நாற்காலிக்கு எதிரில் போய் நின்றார். மேனேஜர் கெட்டவர் இல்லை, சிரித்த முகம். அந்தச் சிரிப்போடுதான் தினமும் "நாளைக்கு" என்றார்.

அதன் பிறகு, கதையில் மகள் ஆபரேஷன் தியேட்டருக்குள் கிடக்க, தாய் வெளியே நின்று அழும் காட்சி வந்தது. நாலு வாரமாக விளம்பரம் செய்த காட்சி. மறுநாளே ஒளிபரப்பு. விளக்குகள் எரிந்தன, டைரக்டர் "ஆக்‌ஷன்" என்றார். அக்கா பச்சைத் திரைக்கு முன்னால் நின்றார். அரை நிமிஷம். ஒரு நிமிஷம். கண் இரண்டும் சுட்ட செங்கல்போல வறண்டிருந்தன.

"என்னாச்சுக்கா?"

"வரல தம்பி."

சிரித்தார்கள். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் வரவில்லை. கிளிசரின் பாட்டிலை யாரோ நீட்டினார்கள். அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்தப் பதினோரு பொண்ணுங்களும் காலைலேர்ந்து தண்ணி குடிக்கல. இன்னிக்கு நானும் குடிக்கல. தண்ணி இல்லாத ஒடம்புல கண்ணீர் எங்கேர்ந்து வரும்? மாடி பாத்ரூமத் தெறங்க. சாமான் ரூமுக்கு ஒரு கதவு போடுங்க. குடிச்சிட்டு வந்து அழறேன்."

நர்ஸ் உடையில் இருந்த ஒருத்தி பின்னால் வந்து முழங்கையைத் தொட்டாள். "வேணாம்க்கா. எங்களுக்கும் சேத்து வேலை போயிடும்."

"நீ என்ன சொன்ன? ஒண்ணும் சொல்லலயே. அழ மாட்டேன்னது நான்."

மேனேஜரின் சிரிப்பு போய்விட்டது. "அக்கா, மரியாதையா சொல்றேன். ரைட்டர்கிட்ட ஒரு வார்த்த சொன்னா போதும். அடுத்த வாரமே ஒங்களுக்கு மாரடைப்பு. செத்துப் போயிடுவீங்க."

அக்காவின் கணவருக்கு முழங்கால் தேய்ந்து லாரியை விட்டு இரண்டு வருஷம் ஆகிவிட்டது. மகள் கடைசி வருஷப் படிப்பில் இருந்தாள். வீடு இவர் ஒருத்தர் தோளில்தான் நின்றது. அதெல்லாம் ஒரு நொடியில் கண் முன்னால் வந்து போயிற்று. ஆனாலும் குரல் இறங்கவில்லை.

"சாகடிங்க தம்பி. ஆனா நான் செத்தா அழறதுக்கு ஆள் வேணுமே. அதுக்கு மொதல்ல யாரையாவது பாத்து வச்சுக்குங்க."

ஏணி உச்சியிலிருந்து லைட்மேன் ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார். டைரக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அக்கா, மொதல்ல இந்த ஒரு ஷாட்ட முடிச்சுக் குடுங்க. அப்புறம் நானே தெறக்கச் சொல்றேன்."

"மொதல்ல தெறங்க."

ஓரமாகக் கிடந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். கையைக் கட்டிக்கொள்ளவில்லை, முறைக்கவில்லை, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் போனது. மேனேஜர் வீட்டுக்காரரிடம் போனில் கத்தினார், பிறகு கெஞ்சினார். தச்சர் வந்து சாமான் அறைக்கு அளவெடுத்தார். பழைய செட்டில் கிடந்த ஒரு கதவையே அறுத்துச் சரிசெய்து மாட்டினார். கடைசியில் மாடிப் படியில் சாவி குலுங்கும் சத்தம் கேட்டது.

பதினொரு பேரும் ஒவ்வொருவராக மேலே போய்வந்தார்கள். படப்பிடிப்பு மொத்தமும் காத்திருந்தது. பன்னிரண்டாவதாக அக்கா போனார். வந்தார். ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்தார். குறியிட்ட இடத்தில் போய் நின்றார். மூக்கு நுனி சிவந்தது, கீழுதடு உள்ளே போனது, கண் மேலே பார்த்தது. ஒரே டேக். சவுண்ட் ரிக்கார்டிஸ்ட் ஹெட்போனைக் கழற்றிவிட்டு மூக்கைச் சிந்தினார்.

அந்தக் காட்சி நன்றாகவே ஓடியது. இரண்டு மாதம் கழித்து, மேனேஜர் சொன்னபடி அக்காவைக் கதையிலிருந்து எடுத்தார்கள். மாரடைப்புக்கூடத் தரவில்லை. மருமகள் போனில் யாரிடமோ, "அத்தையா? அவங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டாங்க" என்று சொன்னதோடு சரி. அதைக் கணவரும் அக்காவும் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். கணவர் வழக்கம்போல ஃபேனைப் பார்த்தார்.

"இதுக்குப் போயா? கதைல எனக்கு அண்ணனே கெடையாதுங்க! இல்லாத அண்ணன் வீட்டுக்கு அனுப்பியிருக்கானுங்க பாருங்க!" அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஐந்து மாதம் ஒரு அழைப்பும் வரவில்லை. 'தகராறு பிடிச்ச பொம்பள' என்று பேர் பரவியிருந்தது. அக்கா ஒரு தையற்கடையில் பட்டன் வைக்கும் வேலைக்குப் போனார். அங்கேயும் கூட இருந்தவர்கள் மருமகளைப் பற்றித்தான் விசாரித்தார்கள். பெட்ரோல் பங்குக்கு நடப்பது நின்றுபோன அந்தப் பதினொரு பேரும் அவ்வப்போது போன் செய்து, எங்கெங்கே புதுத் தொடர் தொடங்குகிறது என்று துப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒருத்தி சொன்ன இடத்தில்தான் மறுபடி ஒரு அம்மா கிடைத்தது. விதவை அம்மா, வாரத்துக்கு நாலு அழுகை.

முதல் நாள், காலை ஏழரை மணி. வேறு வீடு, வேறு மேனேஜர். வாசலுக்கே வந்து வரவேற்றார். "ஒங்களுக்கு மாடில தனி ரூம்க்கா. ஏசி போட்டு வச்சிருக்கேன்."

"மத்த பொண்ணுங்களுக்கு?"

"பின்பக்கம் ஒரு தெரை கட்டச் சொல்லியிருக்கேன். இப்போதைக்கு அட்ஜஸ்ட் பண்ணிப்பாங்க."

அக்கா தலையாட்டினார். மாடிக்குப் போகாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். ஏழு பெண்கள் உடை மூட்டைகளோடு சுவரோரம் நின்றிருந்தார்கள். நடுவில் இருந்த படிக்கட்டில், அவர்களுக்கு இடம் விட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்தார். மேனேஜர் பின்னாலேயே ஓடி வந்தார். "அக்கா, மேக்கப் ரெடி. எட்டு மணிக்கு மொத ஷாட்."

அக்கா இடது கையைத் திருப்பி, கைக்கடிகாரத்தின் வாரை நிதானமாக அவிழ்த்து, கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் அடியில் வைத்து ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்துகொண்டார்.